நாற்பத்து நான்கு லட்சத்தில் ஓர் எழுத்து

மாமல்லபுரம்
18.1.2025

அன்புத் தங்கை தேவிப்பிரியாவுக்கு,

அண்ணன் அரசு எழுதுவது. நானும் உன் அண்ணியும் கீர்த்தனாவும் சுகமாக இருக்கிறோம். புனேவில் குளிர் அதிகம் என்று டிவியில் காட்டினார்கள். காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாயா?

பொங்கலன்று நீ மூன்று முறை போன் செய்ததாகக் கன்னியம்மா சொன்னாள். என் போன் கடலில் விழுந்துவிட்டது. புதுசு வாங்கும்வரை எழுதலாமே என்று தோன்றியது. பேனா பிடித்து எத்தனை வருஷம் ஆகிறதோ, விரல் கூசுகிறது.

ஒரு விஷயம் கேட்க வேண்டும். என் படகில் வரும் குமாரை உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் சாம்பார் அண்டாவைக் கவிழ்த்தவன். அவனுக்குத் தீபாவளிக்குப் பிடித்த இருமல் இன்னும் விடவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல். இடுப்பில் பேன்ட் நிற்காமல் கயிறு கட்டிக்கொள்கிறான். சளியை மிஷினில் போட்டுப் பார்த்துவிட்டு டி.பி. என்றார்கள். அதோடு விட்டால் பரவாயில்லை. வழக்கமாகக் கொடுக்கிற மாத்திரை இவனுக்குக் கேட்காது, செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த மாத்திரையைக் கண்ணால் பார்க்காதவனுக்கு அது கேட்காது என்று மிஷினுக்கு எப்படித் தெரியும்? அவன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு வாரமாகக் கடலுக்குப் போய் வருகிறான்.

நீ கிருமியோடு வேலை செய்கிறவள். அவனுக்கு என்ன சொல்லலாம் என்று எழுது. வெளியே தெரியக்கூடாது என்கிறான். அதனால் அண்ணியிடம் போனில் இதைக் கேட்டுவிடாதே.

நாம் நன்றாகப் பேசி ஏழு வருஷம் ஆகிறது. அதை மனதில் வைத்துக்கொண்டு பதில் போடாமல் இருக்காதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்
அரசு


புனே
25.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

தேவி எழுதுகிறேன். நான் சுகம். காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். அண்ணிக்கும் கீர்த்தனாவுக்கும் என் அன்பைச் சொல்.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் படித்தேன். குமாருக்காக எழுதுகிறேன், நீ அவனுக்குப் படித்துக் காட்டு.

இந்தக் கிருமிக்குள் நாற்பத்து நான்கு லட்சம் எழுத்துகள் இருக்கின்றன. மொத்தமே நான்கு வகை எழுத்துதான், அவையே மாறி மாறி வருகின்றன. புத்தகமாக அடித்தால் மூவாயிரம் பக்கம் வரும். அது தன் உடம்பை எப்படிக் கட்டவேண்டும், எதைத் தின்னவேண்டும் என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. குமாரின் சளியைப் பார்த்த மிஷின் முழுப் புத்தகத்தையும் படிக்கவில்லை. ஒரே ஒரு பக்கத்தின் சில வரிகளை மட்டும் பார்த்தது. முக்கியமான மாத்திரை போய் ஒட்டவேண்டிய இடம் அது. அங்கே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் மாத்திரை ஒட்டாமல் வழுக்கிவிடும். கிருமி பாட்டுக்கு வாழும். பத்து வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், படிப்பையும் சேர்த்து. மூவாயிரம் பக்கத்தில் ஓர் எழுத்துக்காக ஒரு மனிதன் சாகலாம் என்பது இன்னமும் எனக்குப் பழகவில்லை.

ஆனால் பயப்பட வேண்டாம். முன்பெல்லாம் இதற்கு இரண்டு வருஷ வைத்தியம், காது போகிற ஊசி. இப்போது புது மாத்திரைகள் வந்துவிட்டன. ஆறு மாதம், ஊசியே இல்லை. நாளையே செங்கல்பட்டுக்குப் போகச் சொல். கடலுக்குப் போகக்கூடாது. தனியாகப் படுக்கவேண்டும், சன்னலைத் திறந்து வைக்கவேண்டும், வாயை மூடிக்கொள்ளவேண்டும். மனைவியையும் மகளையும் பரிசோதிக்கவேண்டும். ஆறாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, அவளை முதலில் கூட்டிப்போ.

குமாருக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை என்று இதை எழுதி முடித்த பிறகுதான் நினைவு வந்தது. அடித்துவிட்டு எழுத மனமில்லை. அப்படியே அனுப்புகிறேன்.

அண்ணா, போ. நாளைக்கே போ.

உன்
தேவி


செங்கல்பட்டு
16.2.2025

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அண்ணியும் பிள்ளையும் நலம். குமாரும் நலம், அவனுக்கு ஒன்றுமில்லை. எனக்குத்தான்.

போன் கடலில் விழவில்லை. பேச வாயைத் திறந்தால் இருமல்தான் முதலில் வருகிறது. அது உன் காதில் விழக்கூடாது என்று நினைத்தேன். எழுத்தில் இருமல் கேட்காது அல்லவா? நீ கண்டுபிடித்துவிட்டாய்.

பிப்ரவரி ஆறாம் தேதி மாத்திரை ஆரம்பித்தார்கள். முதல் மூன்று வாரம் வார்டில் இருக்கச் சொன்னார்கள். வரிசையாகக் கட்டில், பெரிய பெரிய சன்னல். பக்கத்துக் கட்டிலில் ராமானுஜம் என்று வேடந்தாங்கல் பக்கத்து விவசாயி. காலையில் எழுந்ததும், "ஏரிக்கு இந்நேரம் எத்தினி பறவ வந்திருக்கும் தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். எனக்கு மீனைத் தெரியும், அவருக்குப் பறவையைத் தெரியும். பொழுது போகிறது.

டாக்டர் பெயர் அமிர்தவல்லி. அதட்டுவார், ஆனால் நின்று கேட்பார். முதல் நாள் நான் கேட்டேன்: "நான் இன்னா தப்பு பண்ணேன் மேடம்? மாத்திரய பாதியில வுட்டவனுக்குத்தான் இப்டி ஆவும்னு சொல்றாங்கோ. நான் ஒரு மாத்திரகூட துன்னது கெடயாதே."

"நீங்க விடலன்னா, வேற யாரோ விட்டிருக்காங்க. அவங்ககிட்டேர்ந்து உங்களுக்கு வந்திருக்கு. வீட்டுல இதுக்கு முன்னாடி யாருக்காவது இருந்துச்சா?"

இல்லை என்று சொன்னேன்.

கிருமியின் புத்தகம் முழுவதையும் படிக்க என் சளியைப் புனேவுக்கு அனுப்புகிறார்களாம். "என் தங்கச்சி அங்கதான் வேல செய்யிது" என்றேன். "உங்க ரிப்போர்ட்ட அவங்க பாக்கலாமா?" என்று கேட்டுத் தனியாக ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். என்ன அனுப்புகிறோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது. ஏழு வருஷத்தில் உனக்கு நான் அனுப்புகிற முதல் பொருள் இதுதான்.

கன்னியம்மாவுக்கும் கீர்த்தனாவுக்கும் பரிசோதனை செய்யப்போகிறார்கள். கீர்த்தனாவிடம் நிமோனியா என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கோபம் வேண்டாம்.

அரசு


புனே
27.3.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

வார்டிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டாய் என்று அண்ணி சொன்னார். காய்ச்சல் நின்றுவிட்டதாம், இரண்டு கிலோ ஏறியிருக்கிறாயாம். எனக்கு அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

உடனே பதில் போடாததற்குக் காரணம் உன் கிருமிதான். அது இங்கே வந்து, வளர்ந்து, படித்து முடிக்கும்வரை உனக்கு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. குழாய்களில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். இருந்தாலும் செங்கல்பட்டிலிருந்து வந்த பெட்டி என்றதும் என் கை நின்றுவிட்டது. ஆய்வகப் பொறுப்பாளர் ஜெபசிங் சாரிடம் போய்ச் சொன்னேன். "நீ இதத் தொடாதம்மா. சாம் பாக்கட்டும். ரிப்போர்ட் டாக்டருக்குப் போனப்புறம் உக்காந்து பாரு" என்றார். அப்படியே செய்தேன்.

முந்தாநாள் பார்த்தேன். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டே இருந்தன. எத்தனையோ ஆயிரம் பேருடையதைப் பார்த்திருக்கிறேன். இது உன் மூச்சுக்குள் இருந்தது என்று நினைத்ததும் எழுந்து நின்றுவிட்டேன், கோயிலில் திரை விலக்கும்போது நிற்பதுபோல. கூட வேலை செய்கிற சாம் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

முதலில் நல்ல செய்தி. உனக்குக் கொடுக்கிற நான்கு மருந்துக்கும் எதிராக அதில் எதுவும் எழுதப்படவில்லை. நான்கும் வேலை செய்யும்.

இப்போது இன்னொன்று. பழைய இரண்டு மாத்திரைகளுக்கு எதிராக இரண்டு எழுத்துகள் மாறியிருக்கின்றன. அது எதிர்பார்த்ததுதான். மூன்றாவதாகவும் ஒன்று மாறியிருக்கிறது. அது ஓர் ஊசி மருந்துக்கு எதிரானது. மாத்திரையைப் பாதியில் விட்டு நோய் திரும்பி வந்தவர்களுக்கு, ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு மாதம் அந்த ஊசியைப் போடுவார்கள். இப்போது அந்த முறையையே எடுத்துவிட்டார்கள், ஆறேழு வருஷம் ஆகிறது.

மருந்து கிருமியை மாற்றுவதில்லை, அண்ணா. கிருமி தன்னை நகலெடுக்கும்போது பல கோடியில் ஒரு முறை தானாகவே எழுத்துப் பிழை வருகிறது. சும்மா இருக்கும் பிழை. மருந்து வந்து மற்றதையெல்லாம் கொன்ற பிறகு அந்தப் பிழை உள்ளது மட்டும் மிஞ்சுகிறது. அப்படி மூன்று முறை நடந்திருக்கிறது. ஒவ்வொரு பிழையும் யாரோ ஒருவர் ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு, போதுமான அளவு எடுத்துக்கொள்ளாமல் விட்டார் என்பதற்கு அடையாளம். அந்த ஒருவர் நீ இல்லை.

இது வேறு யாரிடமிருந்தோ பஸ்ஸில் வந்திருக்கலாம், மீன் ஏலத்தில் வந்திருக்கலாம். நான் பார்த்த எழுத்தில் ஆள் பெயர் இல்லை. அதனால்தான் உன்னைக் கேட்கிறேன்.

அண்ணா, அந்த ஊசியை யாருக்குப் போட்டார்கள்?

தேவி


புனே
30.4.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஒரு மாதம் ஆயிற்று, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் நன்றாக இருக்கிறேன். நீ நன்றாக இல்லை என்று தெரிகிறது.

நேற்று அண்ணி போனில் அழுதார். "கால் எரியிது எரியிதுன்னு சொல்லிகினே கீறாரு. மணல்ல நடந்தா ஊசி குத்துற மாதிரி கீதாம். மாத்திரய வாயில போடுறாரு, முழுங்குறாரா துப்புறாரான்னு தெரியல" என்றார்.

அந்த எரிச்சல் நான்கில் ஒரு மருந்தால் வருவது. டாக்டரிடம் சொன்னால் அந்த ஒன்றின் அளவைக் குறைப்பார். நீயாக நிறுத்தாதே. நான்கு மருந்து ஏன் என்று யோசித்துப் பார். ஒரு மருந்தை ஏமாற்றும் பிழை பல கோடியில் ஒரு கிருமிக்கு வரும். ஒரே கிருமிக்கு நான்கு பிழையும் சேர்ந்து வருவது கிட்டத்தட்ட நடக்காது. ஒரு வலையின் கண்ணியில் நழுவுவது அடுத்த வலையில் மாட்டும். நீ எல்லா வலையையும் பாதியில் இழுத்துவிட்டால் நழுவ வேண்டியது நழுவித்தான் போகும். அதற்குப் பிறகு போட என்னிடம் வலை இல்லை. உன் டாக்டரிடமும் இல்லை.

மார்ச்சில் ஒரு கேள்வி கேட்டேன். அதுதான் உன்னை வாயடைக்க வைத்ததென்றால் அதை விட்டுவிடு. நான் கேட்கவே இல்லை என்று வைத்துக்கொள். மாத்திரையை மட்டும் விடாதே.

எனக்கு இருப்பது நீ ஒருவன்தான்.

தேவி


மாமல்லபுரம்
9.5.2025

தங்கை தேவிப்பிரியாவுக்கு,

அண்ணன் எழுதுவது. முதலில் உன் பயத்தைத் தீர்க்கிறேன். இரண்டு நாள் மாத்திரையை வாயில் வைத்திருந்து பின்பக்கம் போய்த் துப்பினேன். மூன்றாம் நாள் உன் கடிதம் வந்தது. அன்றே செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "துப்பறதுக்குப் பதிலா அன்னிக்கே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?" என்று வார்டே கேட்கும்படி திட்டினார். பிறகு ரத்தம் பார்த்து ஒரு மாத்திரையின் அளவைக் குறைத்தார். எரிச்சல் இருக்கிறது, ஆனால் தாங்கலாம்.

அந்த இரண்டு நாளும் துப்பும்போது எனக்கு ஒருவர் ஞாபகம் வந்தார். அவரும் இப்படித்தான் பின்பக்கம் போவார்.

நம் நைனாவுக்குத்தான் அந்த ஊசி போட்டார்கள்.

2015-இல் நீ பொத்தேரி காலேஜில் சேர்ந்த இரண்டாம் மாதம் கண்டுபிடித்தார்கள். இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டார். இருமல் நின்றது, கடலுக்குப் போய்விட்டார். அடுத்த வருஷம் திரும்பி வந்தது. குப்பத்தில் தெரியக்கூடாது என்று திருப்போரூரில் ஊசி போட்டோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் பைக்கில் வைத்து அழைத்துப் போவேன். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால் முருகன் கோயிலுக்கு என்று சொல்வோம். நைனாவுக்குத் திடீரென்று பக்தி வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. நீகூட ஹாஸ்டலிலிருந்து போன் செய்து, "நைனா காவடி எடுக்கப் போவுதா?" என்று சிரித்தாய். அவர் போனை என்னிடம் கொடுத்துவிட்டு இருமப் போனார்.

ஊசி முடிந்ததும் மாத்திரையையும் விட்டார். மூன்றாம் முறை வந்தபோது செங்கல்பட்டுக்குப் போகச் சொன்னார்கள். போகவில்லை. ஒரு நாள் என்னைப் பக்கத்தில் வரவிடாமல் கதவருகே நிற்கவைத்துச் சொன்னார்:

"பொண்ணு படிக்கட்டும்டா. இந்த வூட்டுப் பக்கம் அத வரவுடாத. அதுக்குத் தெரிஞ்சா படிப்ப வுட்டுட்டு என் தலமாட்டுல வந்து குந்திக்கும்."

"இன்னான்னு சொல்றது நைனா?"

"இன்னாத்தயாவது சொல்லு. உன்மேல கோவம் வந்தாலும் வரட்டும்."

அதனால்தான் ஒரு தீபாவளிக்கு வீட்டுக்கு ஓடு மாற்றுகிறோம் என்றேன். அடுத்த லீவுக்கு அண்ணிக்கு அம்மை போட்டிருக்கிறது என்றேன். நீ வந்து நின்றபோதெல்லாம் பஸ் ஸ்டாண்டிலேயே நாஸ்தா வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். கீர்த்தனாவை அவள் ஆயா வீட்டில் விட்டிருந்தோம். 2018-இல் நைனா போனதும் மாரடைப்பு என்று சொன்னேன். நீ வருவதற்குள் எல்லாம் முடித்துவிட்டேன். "என் நைனாவ என்கிட்டேர்ந்து திருடிட்ட" என்று நடு வீட்டில் நின்று கத்தினாய். அது நியாயம்தான். நான் பதில் சொல்லவில்லை. சொன்னால் அவருக்குக் கொடுத்த வாக்கு போய்விடும்.

டாக்டர் கேட்டபோதும் இல்லை என்றுதான் சொன்னேன். வாக்கு அப்படியே பழகிவிட்டது. இப்போது அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அவருக்குப் போட்ட ஊசி என் நெஞ்சுக்குள் எழுதியிருக்கும், அதை நீயே படிப்பாய் என்று யார் நினைத்தார்கள்?

மன்னிப்பு கேட்கத் தெரியவில்லை. தெரிந்தால் கேட்டிருப்பேன்.

அரசு


புனே
18.5.2025

அண்ணா,

வழக்கமாக எழுதும் நல விசாரிப்பு எதுவும் இன்றைக்கு எனக்கு வரவில்லை. உன் கடிதத்தை ஆய்வகத்தின் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். பிறகு உள்ளே போய் அந்த எழுத்துகளை மறுபடி திறந்தேன்.

நைனாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கட்டை விரல்தான். ஆனால் அவர் மாத்திரை சாப்பிட்டது, விட்டது, உன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து திருப்போரூர் போனது, எல்லாமே அங்கே இருக்கிறது. அவரைப் பற்றி இந்த உலகத்தில் வேறு எங்கேயும் எதுவும் எழுதப்படவில்லை. ஒரு கிருமி வைத்திருக்கிறது. அதற்குக் கண்ணில்லை, மூளையில்லை, அவரைத் தெரியாது. தன் பிழையோடு பிழைத்தது, அவ்வளவுதான். அவரிடமிருந்து உன் மூச்சுக்குள் போய் ஏழு வருஷம் அசையாமல் கிடந்திருக்கிறது. நீ வலை இழுத்தாய், பிள்ளை வளர்த்தாய், அது உள்ளே இருந்தது. எவ்வளவு பொறுமை! நான் அதை வெறுக்கத்தான் வேண்டும். ஆனாலும் பார்த்தால் கையெடுக்கத் தோன்றுகிறது.

நேற்று நானும் என் ரத்தத்தைக் கொடுத்துப் பரிசோதித்துக்கொண்டேன். இங்கே வேலைக்குச் சேரும்போதும் பார்த்தார்கள், ஒன்றுமில்லை என்றார்கள். அப்போது அதற்கு அர்த்தம் தெரியவில்லை. நேற்றும் அதே பதில். இந்தக் கிருமி என் உடம்பில் ஒரு நாள்கூட வந்து தங்கியதில்லை. நைனா இருந்த வீட்டில் நான் வளர்ந்தவள், அவர் தட்டில் கை வைத்துச் சாப்பிட்டவள். அந்த மூன்று வருஷமும் வாசலில் நீ நின்றிருக்கிறாய்.

பஸ் ஸ்டாண்டில் நீ வாங்கிக் கொடுத்த இட்லியை ஒரு முறை உன் எதிரிலேயே குப்பையில் போட்டேன். நினைவிருக்கிறதா? நீ எனக்கு சீட் பிடிக்கப் போனாய்.

கீர்த்தனாவின் ரிப்போர்ட் வந்ததா? உடனே எழுது.

தேவி


மாமல்லபுரம்
29.6.2025

அன்புத் தங்கைக்கு,

கடவுள் புண்ணியத்தில் மூன்று பேரும் நடமாடுகிறோம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இட்லி நினைவிருக்கிறது. வடையையாவது எடுத்துக்கொண்டாயே என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டேன்.

கன்னியம்மாவுக்கு ஒன்றுமில்லை. கீர்த்தனாவுக்கு இருக்கிறது. பயப்படாதே, நோய் இல்லை. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கிறது. ரத்தத்தில் மட்டும் கிருமி உள்ளே வந்திருப்பது தெரிகிறதாம், தூங்குகிறதாம். எழுந்திருக்காமல் இருக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை. உங்கள் ஆய்வகம் படித்துச் சொன்ன எழுத்துகளை வைத்துத்தான் எந்த மாத்திரை கேட்கும் என்று டாக்டர் முடிவு செய்தார்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது கன்னியம்மா சொன்னாள், "சத்து மாத்திரன்னு சொல்லி குடுத்துக்கலாம். சின்னப் புள்ள, எதுக்கு பேஜாரு?"

எனக்கும் வாய்வரை அதுதான் வந்தது. நாங்கள் இதில் கெட்டிக்காரர்கள் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை எதிரே உட்காரவைத்தேன்.

"உனக்கு சளி கிளி எதுவும் இல்ல. என்கிட்ட இருந்த கிருமி உன்கிட்ட வந்திருக்கு. எனக்கு வந்தது நிமோனியா இல்ல, டி.பி. எனக்கு உன் தாத்தாகிட்டேர்ந்து வந்துச்சி."

அவள் முதலில் கேட்டது இதுதான்: "தாத்தாவுக்கு மாரடைப்புன்னு சொன்ன?"

"பொய் சொன்னேன்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"அத்தைதான் கண்டுபுடிச்சிது."

"எனக்கு ஒன்னும் ஆவாதுல்ல?"

"மாத்திரைய ஒரு நாள்கூட வுடாம சாப்ட்டா ஆவாது."

"நீ வுடாம சாப்புடறியா?"

இரண்டு நாள் விட்டதையும் சொன்னேன். வேறு என்ன செய்வது? எழுந்து போய்க் காலண்டரை எடுத்து வந்தாள். அன்றிலிருந்து காலையில் நாஸ்தா முடிந்ததும் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து மாத்திரை போடுகிறோம். விழுங்கியதும் நான் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்டவேண்டும். டாக்டர்கூட இப்படிப் பார்த்ததில்லை.

படகில் வரும் எல்லோரிடமும் சொல்லிப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மூன்று நாள் யாரும் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் குமார் வந்து தூரமாக நின்றான். "இன்னா அண்ணாத்த, எனக்கு ஒன்னும் இல்லன்ட்டாங்கோ. அதுக்கு முன்னாடியே என் பேருல எல்லா சீக்கையும் எழுதி தங்கச்சிக்கு லெட்டர் போட்டியாமே?" என்றான். கீர்த்தனா சொல்லியிருக்கிறாள். சிரித்தேன். ஆறு மாதத்தில் முதல் முறை, இருமல் வராமல் சிரித்தேன்.

உடம்பு பத்திரம்.

அரசு


மாமல்லபுரம்
24.8.2025

அன்புத் தங்கை தேவிக்கு,

இங்கே எல்லோரும் சுகம், இந்த முறை நிஜமாகவே.

ஏழாம் தேதியோடு மாத்திரை முடிந்தது. போன வாரம் கூப்பிட்டார்கள். நான்கு மாதமாகச் சளியில் ஒன்றும் வளரவில்லையாம். டாக்டர் ரிப்போர்ட்டைத் திருப்பிக் காட்டி, "முடிஞ்சிது. ரெண்டு வருஷத்துக்கு அப்பப்ப வந்து காட்டணும், ஏமாத்தக் கூடாது" என்றார். ராமானுஜம் அய்யாவும் அன்றைக்கு வந்திருந்தார். அவருக்கு வைத்தியத்தை நீட்டியிருக்கிறார்கள், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. என் கையைப் பிடித்துக்கொண்டு வேடந்தாங்கலுக்கு மார்கழியில் வரச்சொன்னார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது சந்தோஷம் வரவேண்டும் அல்லவா? வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. யாரிடம் சொன்னாலும் பைத்தியம் என்பார்கள், உனக்கு எழுதலாம்.

அது நைனாவின் மூச்சில் இருந்தது. அவர் பேசும்போதும் சிரிக்கும்போதும் அவர் நெஞ்சில் உயிரோடு இருந்தது. பிறகு என் நெஞ்சில் இருந்தது. அவரை உள்ளேயிருந்து தெரிந்த கடைசி உயிர் அதுதான். ஆறு மாதம் மாத்திரை போட்டு நானே அதைக் கொன்றுவிட்டேன். அவரைக் கொன்றதும் அதுதான், தெரியும். ஆனாலும் பஸ் ஸ்டாண்டில் நின்று அழுதேன். பக்கத்தில் பூ விற்கிற வேண்டா என்ற அக்கா, "இன்னா தம்பி, யாராவது பூட்டாங்களா?" என்று கேட்டது. ஆமாம் என்றேன்.

ஏழு வருஷத்துக்குப் பிறகு நைனாவுக்காக அன்றைக்குத்தான் அழுதேன். அவர் செத்த அன்று உனக்கு என்ன சொல்வது என்ற யோசனையிலேயே அழ மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமையிலிருந்து கடலுக்குப் போகிறேன். கால் இன்னும் கொஞ்சம் மரத்திருக்கிறது. போகப் போகச் சரியாகும் என்கிறார்கள்.

அரசு


புனே
7.9.2025

என் அண்ணனுக்கு,

உன் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். நீ பைத்தியம் இல்லை.

ஒன்று சொல்கிறேன். அது முழுக்கச் சாகவில்லை. இங்கே படித்து முடித்த கிருமிகளில் கொஞ்சத்தைச் சிறு குப்பியில் போட்டு உறைய வைப்போம். பூஜ்யத்துக்குக் கீழே எண்பது டிகிரி. பனிக்கட்டியைவிட எத்தனையோ மடங்கு குளிர். நாளைக்கு ஒரு புது மருந்து வந்தால் அதைச் சோதித்துப் பார்க்க இவை வேண்டும். ஜெபசிங் சாரிடம் கேட்டுக்கொண்டு, நேற்று சாமோடு போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தேன்.

விரல் நுனியளவு குப்பி. வெள்ளையாக உறைந்திருந்தது. மேலே ஓர் எண். இங்கே உள்ளவர்களுக்கு அது அந்த எண் மட்டும்தான். பக்கத்தில் அதுபோல் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் மாத்திரையை விட்டிருப்பார், யாரோ ஒருவர் வாசலில் நின்றிருப்பார் என்று இத்தனை வருஷம் எனக்குத் தோன்றவே இல்லை. கதவிலிருந்து வெண்புகை வந்து என் முகத்தில் பட்டது. "போதும் மேடம், சூடு ஏறிடும்" என்றான் சாம். மூடினேன்.

லீவு சொல்லிவிட்டேன். பதினைந்து நாள். இருபதாம் தேதி சனிக்கிழமை சென்னையில் இறங்கி, பத்து மணிக்கெல்லாம் செங்கல்பட்டு வந்துவிடுவேன். அண்ணியிடம் சொல், கீர்த்தனாவிடம் சொல். ஸ்டேஷனுக்கு வேறு யாரையும் அனுப்பாதே, நீயே வா.

அன்றைக்கு நடு வீட்டில் நின்று கத்தியதற்காக உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை எழுதிப் பார்த்தேன், மூன்று தாள் கிழிந்ததுதான் மிச்சம். நேரில்தான் சொல்ல முடியும்.

உன் தங்கை
தேவிப்பிரியா